எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு

வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் பிரிந்து போகிற சந்துகளில் ஒன்று. பத்திரப்படி அகலம் 18 அடி, நீளம் 60 அடி. திண்ணை, ரேழி, நடுவில் சின்னதாக ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள், பின்கட்டில் சமையலறை, ஒரு கிணறு, கிணற்றை ஒட்டியே கழிப்பறை. மாடியில் பிற்பாடு எழுப்பிய இரண்டு அறைகள், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. கேட்கிற விலை 1 கோடியே 35 லட்சம்.

விற்பது ஒரு குடும்பம். அப்பா போய், அம்மாவும் போய், பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்த பிறகு விலைக்கு வருகிற வீடு. வடசென்னையின் பழைய பேட்டைகளில் தனி வீடு விலைக்கு வருவதே அநேகமாக இப்படித்தான்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பிறந்தது தண்டையார்பேட்டை, கல்யாணமாகிப் போனது பெரம்பூர். வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் மருமகளும் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர் இருக்க ஒரு வீடு தேடுகிறோம். அடுக்குமாடியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே பணத்துக்கு அங்கே பங்காகக் கிடைக்கிற நிலம் பாய் விரிக்கக்கூடப் போதாது.

இந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை. “அந்த ஏரியாவா அத்தை?” என்றாள் மருமகள். அவள் தாம்பரத்துப் பக்கம். வடசென்னையை அவள் சினிமாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அங்கே எல்லாரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு திரிவார்கள். சம்பந்தி வீட்டார் அதையே நாகரிகமாக, “குழந்தைகளோட படிப்புக்கு ஒத்து வருமா?” என்று கேட்டார்கள்.

தெரு அழுக்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. முனையில் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி, அதைக் கிளறும் மாடு. காலை பத்து மணிக்குத் துணி மூட்டை இறக்கும் குட்டி யானை வண்டி வழியை மறித்து நிற்கும். மேலே ஒயர்கள் சிக்கலாகத் தொங்கும். சாயங்காலம் காசிமேட்டிலிருந்து மீன்கூடை வரும், இரவில் பிரியாணி அண்டா திறக்கும். கார் உள்ளே வராது. டாஸ்மாக் கடை கூப்பிடு தூரம்.

ஆனால் நைட் டியூட்டி பார்த்த பெண்ணாக எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. இரவு பதினொரு மணிக்கு அந்தச் சந்தில் நடந்து பார்த்தேன். திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆயா என்னை நிறுத்தி, யார் வீட்டுக்கு வந்தேன் என்று விசாரித்தார். புதிதாக ஒருத்தி நுழைந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிற தெரு அது. வேளச்சேரியில் என் தங்கை இருக்கிற பெரிய தெருவில் ஒன்பது மணிக்கு மேல் ஈ காக்காய் இருக்காது. அங்கே நடக்கத்தான் எனக்குப் பயம்.

இன்னொன்றும் பார்த்தேன். தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை ஸ்ட்ரெச்சர் வருமா? 108 வண்டி சந்துக்குள் நுழையாது. முனையில் நிறுத்தி, நூறடி தூக்கி வரவேண்டும். அது பரவாயில்லை. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நெஞ்சுவலி வந்த மனிதருக்குத் தெருவின் அழகைவிட அந்தத் தூரம் முக்கியம்.

ஒரு அழுக்குத் தெருவில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கெல்லாம் விலையில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. குப்பைத் தொட்டியை நீங்களும் பார்க்கிறீர்கள், விற்பவரும் பார்க்கிறார், தரகரும் பார்க்கிறார். அதனால்தான் சதுர அடி 12,500 என்று பேச்சு ஓடுகிறது. வராத விருந்தாளிக்காக யாரும் இலை போடுவதில்லை. அதுபோலக் கண்ணில் படாத குறைக்கு யாரும் விலை குறைப்பதில்லை. அதை வாங்குகிறவர்தான் தோண்டி எடுக்கவேண்டும்.

தண்ணீரில் இருந்து தொடங்கினேன். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வாந்திபேதிக்காரர்கள் அங்கே வந்து சேரும் கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பூமிக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டும் பழசு. குடிநீர் சில மணி நேரம்தான் விடப்படுகிறது. குழாயில் அழுத்தம் இல்லாத மற்ற நேரத்தில் விரிசல் வழியாக வெளியில் இருப்பது உள்ளே இறங்கும். ஆகவே “தண்ணி எப்படி?” என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், “சூப்பர் தண்ணிம்மா” என்பார்கள். “போன வருஷம் இந்தத் தெருவுல யாருக்கெல்லாம் மஞ்சக்காமாலை வந்துச்சு?” என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. இரண்டு வீட்டைக் காட்டினார்கள். இரண்டும் சந்தின் கடைக்கோடி, குழாய் முடிகிற இடம். நாங்கள் பார்த்த வீடு முன்பக்கம். விடியற்காலை தண்ணீர் விடும்போது போய், முதலில் வருகிற தண்ணீரை வெள்ளை டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் மஞ்சள், வாடை இல்லை. இருந்தாலும் பாட்டிலில் பிடித்துக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சோதனைக்குக் கொடுக்கலாம். இவ்வளவு பணம் போடுகிற இடத்தில் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

கிணற்றைப் பற்றி விற்பவருக்குப் பெருமை அதிகம். “கோடையிலயும் வத்தாது” என்றார். கழிப்பறைக்கு ஐந்தடி தள்ளி இருக்கிற கிணறு வற்றாமல் இருப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தத் தண்ணீர் வாசல் கழுவ ஆகும். வடசென்னையில் நிலத்தடி நீருக்கு வேறு வம்பும் உண்டு. கடல் பக்கம் என்பதால் உப்பு ஏறும். 2013-ல் தண்டையார்பேட்டையின் ஒரு பகுதியில், பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து போரிலும் கிணற்றிலும் பெட்ரோலிய வாடை வந்தது. தீக்குச்சி கொளுத்தப் பயந்தார்கள். வீடு பார்க்கிறவர்கள் அந்தத் தெருவுக்கடியில் என்னென்ன குழாய் போகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நல்லது.

வீட்டில் காற்றைப் பற்றியும் கேட்டார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் ஒரு காலத்தில் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி காய்வதற்குள் கறுத்துவிடும். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரிதான் காரணம். 2011-ல் நீதிமன்றம் தலையிட்டு அங்கே நிலக்கரி கையாள்வதை நிறுத்தியது. மணலி, எண்ணூர்ப் பக்கம் போல இங்கே மூச்சு முட்டுவதில்லை.

மழைதான் பெரிய விஷயம். எதிர் வீட்டு ஆயா சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “ரோட்ட ஒசத்திக்கினே போறாங்கோ, நாங்க கீழ போயிக்கினே கீறோம்.” பழைய சென்னைத் தெருக்கள் பலவற்றின் வரலாறு இந்த ஒரு வாக்கியம்தான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. நாங்கள் பார்த்த வீட்டின் ரேழித் தரை, தெருவைவிட அரை அடி பள்ளம். திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது, முழங்கால் நெஞ்சைத் தொடும்.

தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செங்கல் மேல் நிற்கின்றனவா? பிளக் பாயிண்ட் இடுப்புக்கு மேலே இருக்கிறதா? பீரோவின் அடித்தட்டில் துரு எந்த உயரத்தில் நிற்கிறது? இந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பிரிட்ஜும் செங்கல் மேல்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதாக இரண்டு வீட்டில் சொன்னார்கள், மூன்றாவது வீட்டுச் சுவரில் கறையே இருந்தது. புறநகரில் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, இதையும் தூக்கிவிடலாமே என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பக்கமும் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கிற சுண்ணாம்புக் கட்டடத்தைத் தூக்க முடியாது. இடித்துவிட்டு, தரையை மூன்றடி உயர்த்திக் கட்டுவதுதான் வழி.

ஆக, கட்டடத்துக்கு மதிப்பு இல்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. இருந்தாலும் தெரிந்த மேஸ்திரியை அழைத்துப் போனேன். கீழ்த்தளத்துக் கூரை மெட்ராஸ் டெரஸ். வரிசையாகத் தேக்குக் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் கோணலாக அடுக்கி, அதன்மேல் சல்லி போட்டு இடித்துத் தட்டோடு பதித்த தளம். கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மேஸ்திரி கட்டையின் நடுப்பகுதியைப் பார்க்கவே இல்லை. ஏணி போட்டுக் கட்டையின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். தேக்கு முதலில் உளுத்துப்போவது அங்கேதான், ஈரம் தங்கும் இடம் அது. பதினான்கு கட்டையில் மூன்றின் முனை பொடியாக உதிர்ந்தது. “மரம் இன்னும் உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்மா. செவுத்ததான் நம்ப முடியாது” என்றார்.

அந்த மரத்துக்குப் பணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழைய வீடு இடிக்கிறவர்கள் தேக்கு, கதவு, ஜன்னல், கம்பி இவற்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இடிப்பதற்குக் கூலி கேட்கமாட்டார்கள். அவர்களே நமக்குப் பணம் தருவார்கள். விலை பேசும்போது கதவு நிலையை விற்பவர் கழற்றிக்கொண்டு போகக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பொதுச்சுவர் இன்னொரு தலைவலி. நம் சுவரில் பக்கத்து வீட்டுக் கட்டையும் உட்கார்ந்திருக்கிறது. நாம் இடித்தால் அவர் கூரை அந்தரத்தில் நிற்கும். இடிப்பதற்கு முன் அவரோடு பேசி, முட்டுக் கொடுக்கும் செலவு யாருடையது என்று தீர்த்துக்கொள்ளாவிட்டால், முதல் கடப்பாறை விழும்போதே போலீஸ் வரும்.

திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். இந்த மாதிரிப் பழைய நெருக்கமான பகுதிகளில் பக்கச்சுவரை ஒட்டியே கட்ட விதிகள் இடம் கொடுக்கின்றன. 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் போதும்.

அளவு எடுத்தோம். தெருப்பக்கம் டேப் சரியாக 18 அடி காட்டியது. பின்கட்டில் 17 அடிதான். பக்கத்து வீட்டுக்காரர் எப்போதோ சுவர் எழுப்பும்போது ஓரடி உள்ளே வந்திருக்கிறார். பத்திரத்தில் 1,080 சதுர அடி, தரையில் 1,050. தாலுகா அலுவலகத்தில் வாங்கிய நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் 97.5 சதுர மீட்டர் என்றே சொல்கிறது. அதுவும் 1,050 சதுர அடிதான். குறைந்த 30 சதுர அடிக்கு 12,500 வீதம் 3 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். தரகர், “மேடம், ஒரு அடிக்குப் போய் பாக்குறீங்களே” என்றார். அவர் பணமாக இருந்தால் அவரும் பார்ப்பார்.

மனை யாருடையது என்பதையும் பார்த்துக்கொண்டேன். பழைய சென்னையில் கோயில் மனைகள் உண்டு: கட்டடம் குடியிருப்பவருடையது, நிலம் சாமியுடையது, மாதா மாதம் பகுதி கட்டவேண்டும். வீட்டு வரி ரசீதும் மின் அட்டையும் விற்பவர் பெயரில் இருக்கும், பத்திரப்பதிவு மட்டும் நடக்காது. இந்த வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. 1962-ல் பெரியவர் தன் சம்பாத்தியத்தில், சாயப்பட்டறைப் பணத்தில் வாங்கியது. வில்லங்கச் சான்றும் சுத்தமாக வந்தது. அதோடு நிற்கவில்லை. மூலப்பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொன்னேன். பத்திரத்தைப் பைனான்சியரிடம் அடகு வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால், அது வில்லங்கத்தில் ஏறாமலும் போகலாம். ஜெராக்ஸை மட்டும் நீட்டுகிற வீட்டில் எதற்கும் ஒரு படி பின்வாங்குவது நல்லது.

அடுத்தது குடும்பம். பெரியவர் 1998-ல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி 2019-ல். ஐந்து பிள்ளைகள்: மூன்று ஆண், இரண்டு பெண். மூத்த மகன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டார்; அவருக்கு மனைவி, ஒரு மகள், ஒரு மகன். இரண்டாவது மகன் இந்த வீட்டிலேயே இருக்கிறார், விற்பனையை நடத்துவது அவர்தான். மூன்றாமவர் சார்ஜாவில். தரகர் முதல் நாள் சொன்னது: “மூணு அண்ணன் தம்பி மேடம், மூணு கையெழுத்து.” நான் எண்ணிப் பார்த்தால் ஏழு.

பெண்களைப் பற்றி இரண்டாமவரிடம் கேட்டேன். “அவங்களுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு. ரெண்டு பேருக்கும் எம்பத்தொன்பதுக்கு முன்னாலயே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது” என்றார். இந்தப் பேச்சை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அது பாதி அறிவு. தமிழ்நாட்டில் 1989-ல் கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அப்போதே கல்யாணமாகியிருந்த பெண்களை அது விலக்கியது உண்மை. பிறகு 2005-ல் மத்தியச் சட்டத்தையே திருத்தினார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே உரிமை என்று தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் இந்த வீட்டுக்கு அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. இது அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் இல்லாமல் போன இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சீர், நகை, கல்யாணச் செலவு எதுவும் அந்தப் பங்கைக் கழிக்காது.

மூத்த அக்காவைப் புளியந்தோப்பில் போய்ப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “கையெழுத்து போடறேன்மா. எங்கம்மாவக் கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கினேன். என் பங்கு என் பேங்குக் கணக்குல வரணும். தம்பி கையில குடுத்துட்டு என்னான்ட வராதீங்க.” நியாயம்தான். வாங்குகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மூத்தவரின் ஐந்தில் ஒன்று அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்றாகப் பிரியும். ஏழு பேருக்கும் ஏழு காசோலை, எல்லாம் பத்திரத்திலேயே எண்ணோடு ஏறவேண்டும். சார்ஜாக்காரர் வர முடியாவிட்டால் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பவேண்டும். அது இங்கே வந்ததும் மூன்று மாதத்துக்குள் பதிவுத்துறையில் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும்.

இனி மூத்தவரின் மகன். பிளஸ் டூ படிக்கிறான். வயது 17.

“அம்மா இருக்காங்களே, கார்டியனா அவங்க போட்டுடுவாங்க” என்றார் தரகர். வக்கீல் குமாஸ்தா ஒருவரும் அதையே சொன்னார். முடியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, இளவருக்குச் சேர்ந்த அசையாச் சொத்தைப் பெற்ற தாயாக இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது. அப்படி விற்றால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. பதிவு நடந்துவிடும், நீங்களும் குடிபோவீர்கள், இடித்துக் கட்டியும் விடுவீர்கள். பையன் 18 வயது ஆனபின் மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போட்டுத் தன் பங்குக்கான விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம். அவன் பங்கு பதினைந்தில் ஒன்று. 1,050 சதுர அடியில் 70 சதுர அடி. ஒரு கட்டிலும் பீரோவும் போடுகிற இடம். அந்த இடம் வீட்டின் எந்த மூலை என்று யாராலும் காட்ட முடியாது. பாகம் பிரியாத வீட்டில் அது எல்லா மூலையிலும் இருக்கிறது.

நல்ல பையன். என்னிடம் நர்சிங் கோர்ஸ் பற்றி விசாரித்தான். அவன் வழக்குப் போடுவான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருபது வயதில் அவனுக்கு யார் கடன் கொடுத்திருப்பார்கள், எந்த மாமா என்ன சொல்லிக் கொடுத்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாடியில் ஒரு குடும்பம் 5 லட்சம் கொடுத்து லீசுக்கு இருக்கிறது. அந்தப் பணத்தை விற்பவர்கள் நம் கண்முன்னால் திருப்பிக் கொடுத்து, சாவியை வாங்கி, எழுத்திலும் வாங்கியபிறகுதான் பதிவு. இதில் பேச்சுக்கு இடமில்லை.

பணக் கணக்கைச் சொல்கிறேன். பதிவுச் செலவு முத்திரைத்தீர்வை, மாற்றுத்தீர்வை, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்த்து 9 சதவீதம். 1 கோடியே 35 லட்சத்துக்கு 12 லட்சத்து 15 ஆயிரம். வீட்டுக்கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கமாட்டார்கள். ஆக, கையிலிருந்து போடவேண்டியது 33 லட்சத்து 75 ஆயிரம், அதோடு 12 லட்சத்து 15 ஆயிரம். கிட்டத்தட்ட 46 லட்சம். இடித்துக் கட்ட மேஸ்திரி சொன்னது சதுர அடிக்கு 2,400. 1,800 சதுர அடி கட்டினால் 43 லட்சத்து 20 ஆயிரம். எல்லாம் சேர்ந்து 1 கோடியே 90 லட்சத்துக்கு வந்து நிற்கிறது. என் பி.எஃப்., வீட்டுக்காரர் ஓய்வுப் பணம், மகன் பேரில் கடன், இவ்வளவையும் சேர்த்தால் ஆகும். ஆனால் விலை குறையாமல் ஆகாது.

மொத்த விலை 50 லட்சம் ஆகிவிட்டால், எத்தனை பேர் சேர்ந்து விற்றாலும், வாங்குகிறவர் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். சார்ஜாக்காரர் போல வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த 1 சதவீதம் போதாது, அதிகம் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் வருவது வாங்கியவருக்கு. ஆடிட்டரைக் கேட்காமல் காசோலை எழுதாதீர்கள். இரண்டாமவர், “பாதியை ரொக்கமா குடுத்துடுங்க, பதிவுச் செலவும் மிச்சம்” என்றார். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதைவிட, அக்காவுக்குத் தெரியாமல் தம்பிக்கு ரொக்கம் கொடுத்தேன் என்ற பழியை நான் ஏன் சுமக்கவேண்டும்?

இவ்வளவுக்கும் பிறகு அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. மெட்ரோ 2019-ல் வண்ணாரப்பேட்டைக்கு வந்தது, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். மகன் ஆலந்தூர் வரை அதில் போய்ப் பஸ் பிடிக்கலாம். தியாகராயா கல்லூரி பக்கம், மார்க்கெட் பக்கம். பேரம் பேசினால் முகம் சுளிக்காத கடைக்காரர்கள் இருக்கிறார்கள். குப்பைத் தொட்டியைப் பற்றி வார்டு கவுன்சிலரிடம் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்கு அது புதிதில்லை. மருமகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, புது வீட்டிலும் இப்படி ஒரு திறப்பு விடவேண்டும் என்றாள்.

குடும்பத்துக்கு நான் சொல்லி அனுப்பிய முடிவு இதுதான். நிலத்துக்கு மட்டும் விலை, கட்டடத்துக்கு இல்லை. பத்திரத்தில் உள்ள 1,080 இல்லை, தரையில் உள்ள 1,050 சதுர அடிக்கு. சதுர அடி 11,000 வீதம் 1 கோடியே 15 லட்சத்து 50 ஆயிரம். ஏழு பேர் கணக்கிலும் தனித்தனியாக. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றுகள் பெரியவருக்கும் அம்மாவுக்கும் மூத்தவருக்கும் தனித்தனியே வேண்டும். வக்கீல் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் வராவிட்டால்தான் அட்வான்ஸ். அந்த ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வோம். பையன் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வாங்கி, அவன் பணத்தை அவன் பெயரில் வைப்பு நிதியாகப் போடவேண்டும். அது இழுக்கும் என்றால் அவனுக்கு 18 ஆகும் வரை காத்திருக்கிறேன். அடுத்த வைகாசியில் ஆகிறது.

இரண்டாமவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேறு பார்ட்டி வருகிறது, அவர்கள் இத்தனை கேள்வி கேட்பதில்லை என்று தரகர் போனில் சொன்னார். வரட்டும். அந்தப் பார்ட்டி இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் உங்கள் வக்கீலிடம் அந்த 8-ஆம் பிரிவைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.